வாடிய பூவைக் களைவது எப்போது?

(காரைக்குடி வட்டாரப் பூப்பயிர்ச் சாகுபடியாளரிடையே ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள், கேட்ட மாத்திரத்தில் மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். செடியில் பூ வாடிவிட்டது. அதை எடுத்துவிடுவதா, அப்படியே விட்டுவிடுவதா? எடுப்பதாயின் எந்த நாளில், எந்த வேளையில், எந்தக் கணுவில் எடுப்பது? இதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். மாளிகை முற்றத்தில் தொட்டி வைத்து அழகு பார்ப்போர் பேசவேண்டிய விஷயத்தை, கிணற்றில் ஒரு முழம் நீரைக் கண்டால் மகிழ்ச்சியடையும் குடியானவரிடம் பேசுவானேன் என்றும் கேட்கலாம். அந்தக் கிணற்று நீரை எண்ணியே நாம் இதைப் பேச முற்பட்டோம்.

நமது செட்டிநாடு வற்றாத ஆறு இல்லாத சீமை. சரளை கலந்த செம்மண் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்து, ஆண்டு முழுவதும் அதைக் கொண்டே காலந்தள்ளப் பழகியவர்கள் நாம். வீட்டுக் கூரையில் விழும் மழையைக்கூட வளவிலே அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் இங்கு உண்டு. இத்தகைய நாட்டில் பூப்பயிர் செய்வோர் பெரும்பாலும் சிறு நிலத்தார். இருபது சென்டு, முப்பது சென்டு, மிஞ்சினால் அரை ஏக்கர். அதை நம்பி ஒரு குடும்பம். பறிப்பதற்கும் தொடுப்பதற்குமாக அண்டை வீட்டுப் பெண்கள் சிலர். அந்தச் சிறு நிலத்திற்கு இறைக்கும் நீரும், இடும் எருவும், யாருக்கும் வேண்டாத விதையாக முற்றி உதிருமானால் அது நஷ்டமே. நஷ்டம் என்று தெரியாமலே ஏற்படும் நஷ்டமாதலால் அதைப்பற்றிப் பேசவேண்டியது அவசியமாகிறது.

செடி எதற்காகப் பூக்கிறது? நாம் சூடிக்கொள்வதற்காக அன்று. ஆண்டவனுக்குச் சாத்துவதற்காகவும் அன்று. விதை பிடித்துத் தன் இனத்தைப் பெருக்குவதற்காகவே பூக்கிறது. மகரந்தம் சேர்ந்தவுடன் பூவின் இதழ்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அவை வாடுகின்றன. அதே சமயத்தில் பூவின் அடியில் இருக்கும் சூற்பை பருக்கத் தொடங்குகிறது. இலைகள் சமைத்த உணவு அந்தச் சூற்பையை நோக்கி ஓடுகிறது. அதுமட்டுமன்றி, வளரும் விதையிலிருந்து தோன்றும் சில சுரப்புப் பொருள்கள், புதிய மொட்டு வேண்டாம் என்று செடிக்கு அறிவித்துவிடுகின்றன என்று தாவர நூலோர் கண்டிருக்கின்றனர். ஒரே பருவம் வாழும் செடிகளில் இது மேலும் தெளிவாகத் தெரியும். விதை முற்றியதும் செடியே பழுத்துக் காய்ந்துபோகிறது. அதன் பிறவிப்பயன் நிறைவேறிவிட்டது. வாடிய பூவை விதை பிடிக்குமுன் நாம் களைந்துவிட்டால், செடி தன் வேலை முடியவில்லை என்று கருதி மறுபடியும் பூக்க முயல்கிறது. சூட்சுமம் இவ்வளவே.

ஆனால் இந்தச் சூட்சுமம் எல்லாப் பூவுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. பொருந்தாத இடத்தில் இதைக் கையாள்வது வீண் கூலியாகும்; சில இடங்களில் கேடாகவும் முடியும்.

முதலில் செண்டுப்பூவை எடுத்துக்கொள்வோம். கேந்தி என்றும், துலுக்கச் செவ்வந்தி என்றும் ஊருக்கு ஒரு பெயரிட்டு அழைக்கிறோம். இது முற்றிலும் விதைக்காகவே வாழும் செடி. ஒரு பூ என்று நாம் சொல்வது உண்மையில் பல சிறு பூக்களின் கொத்து. ஒரு தலை காய்ந்து முற்றினால் கைநிறைய விதை தரும். நாற்றை நட்டு ஒரு மாதம் ஆனதும் நடுக்குருத்தின் நுனியைக் கிள்ளிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் பக்கக் கிளைகள் பெருகி, பூக்களும் பெருகும். நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூ வரத் தொடங்கும். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்துவரவேண்டும். பறிப்பதே இங்குக் களைவதுமாகும். சந்தையில் விலை இல்லை என்று ஒரு பறிப்பைக் கைவிடுகிறவர், அடுத்த இரண்டு பறிப்புக்களின் மகசூலையும் குறைத்துக்கொள்கிறார். ஆயுத பூஜைக்காக நட்ட செண்டு, அதற்கு முந்திய வாரத்தில் விலை சரிந்ததென்று பறிக்காமல் விடப்படுவதை எத்தனையோ தோட்டங்களில் பார்க்கிறோம். பூஜை நாளில் விலை ஏறும்போது, செடியில் நிற்பவை பழுப்பேறிய தலைகளே! விற்க முடியாத பூவாயினும் ஒடித்துப் பாத்தியின் ஓரத்தில் போட்டுவிடுவது, அந்தச் சமயத்தில் செய்யத்தக்க சிக்கனமான காரியம்.

கனகாம்பரத்திற்கும் ஏறக்குறைய இதே நியாயந்தான். கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகப் பூ விரிகிறது. நுனிவரை பூத்து முடிந்த கதிரை அதன் காம்போடு கிள்ளிவிட்டால், கீழ்க்கணுவிலிருந்து புதுக்கதிர் புறப்படும். கிள்ளாமல் விட்டால் கதிர் காய்ந்து விதை முற்றும். மழைத்துளி பட்டவுடன் அந்தக் காய்கள் படபடவென்று வெடித்து விதையைச் சிதறுவதைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பார்ப்பதுண்டு. டெல்லிக் கனகாம்பரம் என்று நாம் வளர்க்கும் வகை விதை பிடிப்பதில்லை. அதைப் போத்து வைத்தே பயிராக்குகிறோம். எனினும் அதிலும் காய்ந்த கதிரை நீக்குவது பயன் தரும். பக்கக் கிளைப்புக்கு இடம் கிடைக்கும்.

சம்பங்கியில் பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்துவிடலாம். இலைகளை மாத்திரம் தொடக்கூடாது. அடுத்த தண்டுக்கு வேண்டிய உணவைக் கிழங்கில் சேர்த்து வைப்பவை அந்த இலைகளே. செவ்வந்தியில் பூப்பருவம் முடிந்தவுடன் செடியைத் தாழ அறுத்து, தூரிலிருந்து வரும் பக்கக் கன்றுகளைக் கொண்டு மறுபயிர் செய்யலாம். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தாமாகவே பூவை உதிர்த்துவிடுகின்றன. அவற்றில் ஒவ்வொரு வாடிய பூவாகத் தேடிப் பறித்துக்கொண்டிருப்பது, வேறு வேலை இல்லாதவர்களுக்குரிய பொழுதுபோக்கு.

இனி மல்லிகைக்கு வருவோம். இந்தப் பொருளில் நாம் அதிகமாகப் பேசவேண்டியது இதைப்பற்றியே. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைச் சீமையை அடுத்திருக்கும் நமக்கும் மல்லிகையே முதன்மையான பூப்பயிர்.

மல்லிகையில் வாடிய பூவைக் களைவது என்றால், பலரும் செண்டுப்பூவின் கணக்கையே இதற்கும் போடுகிறார்கள். அது சரியன்று. நாம் பயிரிடும் அடுக்கு இதழ்க் குண்டுமல்லி பொதுவாக விதை பிடிப்பதில்லை. ஆகவே விதைக்குப் போகும் உணவை மீட்கிறோம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. மல்லிகையில் வேறு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, மல்லிகை புதிதாகத் துளிர்த்த கொம்பின் நுனியிலேதான் மொட்டு வைக்கும். பெரும்பாலும் மூன்று மொட்டுக்கள் ஒரு கொத்தாக வரும். நடுமொட்டு முந்தி விரியும். அந்தக் கொத்து முடிந்த பிறகு அதே நுனியில் மறுபடி பூ வராது. கீழ்க்கணுக்களிலிருந்து புதிய துளிர் வந்தாக வேண்டும். பழங்கொம்புகள் நீண்டு, பின்னிப் பிணைந்து நின்றால் துளிர் குறைகிறது. துளிர் குறைந்தால் பூவும் குறைகிறது. ஆதலால் இங்கு நாம் களையவேண்டியது பூவைமட்டும் அன்று, பூத்து ஓய்ந்த கொம்பையே. இதைத்தான் கவாத்து என்கிறோம்.

இரண்டாவது காரணம் பூச்சி. மொட்டுப்புழு மொட்டைத் துளைத்து உட்புகுந்து தின்கிறது. மொட்டு ஈயின் புழுக்கள் மொட்டின் அடியில் இருந்து உறிஞ்ச, மொட்டு ஊதா நிறம் பூண்டு உருத்திரிந்து உலர்கிறது. இந்த ஈயின் புழு பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழுகிறது. பறிக்காமல் விட்ட மொட்டும், வாடித் தொங்கும் மொட்டும், தூரில் உதிர்ந்து கிடக்கும் மொட்டும் இவற்றுக்கு அன்ன சத்திரமாக ஆகிவிடுகின்றன. ஊதா நிறம் கண்ட மொட்டுக்களைக் கிள்ளி ஒரு பையில் சேர்த்து அப்புறப்படுத்தி எரித்துவிடவேண்டும். பாத்தியிலே உதறிவிட்டுப் போவது பயனில்லாத காரியம். தூரைச் சுற்றி இலேசாகக் கொத்திவிட்டால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவை வாயிலும் அகப்பட்டு அழியும். மருந்து தெளிப்பதற்கு முன்னே செய்யவேண்டியது இது. இதைச் செய்தவர்க்கு மருந்துச் செலவு குறையும் என்பது நம் எண்ணம்.

கவாத்துக்குரிய காலத்தைப்பற்றித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் தெளிவாகக் கூறியிருக்கின்றனர். குண்டுமல்லிக்கு நவம்பர் மாதக் கடைசி வாரம். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டவேண்டும். பிச்சிக்கு, அதாவது ஜாதிமல்லிக்கு, டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இவ்விரண்டையும் 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டலாம். நம் கணக்கில் சொன்னால், மல்லிகைக்குக் கார்த்திகை முற்பாதி, பிச்சிக்கு மார்கழி நடு, முல்லைக்குத் தை நடு. உயரம் ஒரு முழம் என்று கொண்டால் பெரிய பிழை வராது.

ஏன் கார்த்திகை? பனி தொடங்கும் காலத்தில் மல்லிகை தானாகவே ஓய்ந்து நிற்கிறது. அப்போது வெட்டினால் செடிக்கு நோவு குறைவு. பருவமழையின் ஈரம் மண்ணில் இருப்பதால், வெட்டிய பின் வரும் துளிருக்குக் கிணற்று நீரை அதிகம் செலவிட வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது, துளிர் முதிர்ந்து மொட்டு வைக்கத் தயாராக நிற்கும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவும், குன்றக்குடியில் பங்குனி உத்திரமும் வருகிற காலம் அது. பூவுக்குத் தேவை பெருகும் சமயத்தில் பூ கையில் இருக்கவேண்டுமல்லவா?

இங்கே ஓர் இக்கட்டு இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. மார்கழியிலும் தையிலும் பனியால் பூ குறைவு. ஆகவே விலை மிக ஏறுகிறது. பொங்கலை ஒட்டி ஒரு கிலோ மல்லிகை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்ற ஆண்டுகள் உண்டு. கார்த்திகையில் செடியை வெட்டிவிட்டால் அந்த விலை கைக்கு வராது. வெட்டாமல் வைத்திருந்தால் கொஞ்சமேனும் பூ கிடைக்கும். அந்தக் கொஞ்சத்திற்கே நல்ல பணம். வெட்டு என்று நாம் சொல்லும்போது, “ஐயா, எங்கள் வீட்டுப் பொங்கல் செலவுக்கு யார் பொறுப்பு?” என்று விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வியே.

எனினும் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தை கடைசிவரை வெட்டாமல் வைத்துப் பிறகு வெட்டினால், பங்குனிப் பூ சித்திரைக்குத் தள்ளிப்போகிறது. வெட்டாமலே ஓர் ஆண்டு விட்டுவிட்டாலோ, செடி புதராகி, உட்பகுதியில் வெயில் புகாமல், பூச்சிக்கு உறைவிடமாகிறது. முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் வெட்டவேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. நம் யோசனை இதுவே: தோட்டத்தை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டு பங்கைக் கார்த்திகையில் வெட்டுங்கள், வீட்டுக்கு அருகில், எளிதாக நீர் பாயும் ஒரு பங்கை மட்டும் பொங்கல்வரை நிறுத்திப் பிறகு வெட்டுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கல் விலையும் ஓரளவு கிட்டும். பங்குனிப் பூவும் கெடாது. ஒரே நாளில் எல்லாருடைய பூவும் சந்தையில் குவிவதும் சற்றுக் குறையும்.

வெட்டும் முறையைச் சொல்லிவிடுவோம். வெட்டுவதற்குச் சில நாள் முன்பு நீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். மழை வெறித்த ஒரு நாளைப் பார்த்துத் தொடங்குங்கள். தொடர்மழையில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். முதலில் காய்ந்த கொம்பு, நோய்க் கொம்பு, ஒன்றோடொன்று உராயும் கொம்பு ஆகியவற்றை அடியோடு நீக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை முழ உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டவேண்டும். அரிவாளால் கொத்தினால் கொம்பு பிளந்துவிடும். கவாத்துக் கத்தரியே ஏற்றது. வெட்டிய தழையைத் தோட்டத்திலேயே குவித்து வைக்காதீர்கள். பிறகு தூரைக் கொத்தி வட்டப் பாத்தி எடுத்து, செடிக்கு 10 கிலோ தொழு உரம் இடுங்கள்.

இரசாயன உரத்தின் அளவு, ஓராண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். இதில் பாதியைக் கவாத்து முடிந்தவுடனும், மற்றப் பாதியை ஜூன், ஜூலையிலும் இடவேண்டும். கடையில் வாங்கும் உரமாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு தடவைக்கும் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் ஆகும். சத்தின் அளவையே உரத்தின் அளவாக எண்ணி ஏமாறுவோர் பலராதலால் இதைப் பிரித்துச் சொன்னோம். இது பொது அளவு. மண்ணைப் பரிசோதித்தபின் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஒரு கிலோ பறிக்கும் கூலி, ஒரு கிலோவின் விலையை விஞ்சிவிடும் நாட்களும் கோடையில் வருகின்றன. அந்த நாட்களில் தோட்டத்தைப் பூட்டிவிட்டு வருவதைத் தவிர வழியில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். நிலக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்து வாசனைத் தைல ஆலைகளுக்கு ஊரார் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பக்கூடுமாயின், விலை குறைவானாலும் பறிகூலியேனும் தேறலாம். அதுவும் இயலாத நாளில், பூத்து ஓய்ந்த நுனிகளை ஒரு சாண் அளவுக்கு இலேசாகக் கத்தரித்துவிடுங்கள். தோட்டத்தில் பாதிக்கு இதைச் செய்தால், அந்தப் பாதி சில வாரம் ஓய்ந்து, பின்னர் மற்றப் பாதி தளரும்போது துளிர்த்து வரும். கடுங்கோடையில் இதைவிட ஆழமாக வெட்டலாகாது. மறைப்பில்லாத தண்டு வெயிலில் வெந்துபோகும்.

ரோஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதிரிப் பூவுக்காகப் பன்னீர் ரோஜா பயிரிடுவோர் நாள்தோறும் பறித்துவிடுவதால், அவர்களுக்கு வாடிய பூ என்பது அதிகம் இராது. வீட்டிலும் கோயில் நந்தவனத்திலும் வளர்ப்போருக்கே இந்தக் கேள்வி எழும். இதழ் உதிரத் தொடங்கியதும், பூவை மட்டும் காம்பில் கிள்ளிவிட்டால் போதாது. பூவுக்குக் கீழே முதலில் மூன்று சிற்றிலை கொண்ட இலைகள் இருக்கும். அவற்றுக்கும் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட இலை வரும். அந்த ஐந்திலையின் கக்கத்தில் இருக்கும் மொட்டு வலிமையுடையது. அது செடிக்கு வெளிப்புறம் நோக்கியதாகப் பார்த்து, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டவேண்டும். உட்புறம் நோக்கிய கணுவில் வெட்டினால் செடியின் நடுவே கொம்புகள் நெருங்கும்.

ரோஜாவில் பெருங்கவாத்து அக்டோபர் முதல் டிசம்பர்வரை. நமக்கு அது மழைக்காலம். மழையில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து கொம்பு கருகிக்கொண்டே கீழிறங்கும் நோய் வருகிறது. ஆகவே மழை ஓயும் கார்த்திகைக் கடைசி வரை பொறுத்திருந்து, வெட்டியவுடன் வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவுவது நல்லது. வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 45 நாளில் பூ வரும். நவம்பர் கடைசியில் வெட்டினால் பொங்கல் கழிந்து தை முகூர்த்தங்களுக்குப் பூ கையில் இருக்கும். கல்யாண வீட்டாருக்கு மாலை கட்டித் தருவோர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது லாபம்.

நாளின் எந்த வேளை என்று கேட்டால், பனி உலர்ந்த காலை வேளையே சிறந்தது. உச்சி வெயிலில் செடி தளர்ந்திருக்கும். அந்தி சாய்ந்தபின் செடியைத் தொடக்கூடாது என்று நம் பெண்கள் சொல்வதை நாம் மறுக்கவேண்டியதில்லை. இரவு ஈரத்தில் புதுக் காயம் உலராமல் பூஞ்சணம் பற்றும் என்பதால் அந்த வழக்கம் நன்மையே செய்கிறது. துளசியிலும் இப்படித்தான். கதிர் பழுப்பேறுமுன் கிள்ளிவந்தால் செடி இலை செழித்து நெடுநாள் நிற்கும். துளசியைப் பறிக்கலாகாது என்று சில நாட்களை விலக்கி வைத்திருப்போர், மற்ற நாட்களில் செய்யலாமே!

இனி, களையக் கூடாத பூக்களைப்பற்றி. பூசணி, சுரை, பீர்க்குக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ வாடி உதிர்வதைக் கண்டு கொடிக்கு நோய் என்று கலங்கவேண்டாம். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். பூ வாடியபின் அந்தப் பிஞ்சு பருப்பதே காய் பிடித்ததற்கு அடையாளம். அதில் கை வைக்கலாகாது. அடைமழைக் காலத்தில் மட்டும், காயின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுகிய பூ இதழை மெதுவாக நீக்கிவிடலாம். அந்த ஈர இதழில் பூஞ்சணம் பற்றிக் காய்க்குள் இறங்குவதுண்டு.

வைகைப் பாசனமுள்ள திருப்புவனம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் வாழைக்காரர்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். குலையின் கடைசிச் சீப்பு விரிந்து ஒரு வாரத்திற்குள் ஆண் பூ மொட்டை ஒடித்துவிடவேண்டும். அது இனிக் காயாகாது. குலைக்குச் சேரவேண்டிய உணவைப் பகிர்ந்துகொள்ளும். ஒடித்த பூ சமையலுக்கு ஆகும்; சந்தையிலும் விலைபோகும். அதோடு, ஒவ்வொரு காயின் நுனியிலும் காய்ந்து நிற்கும் பூவின் மிச்சத்தை, குலை தள்ளிய எட்டுப் பத்து நாளில் கையால் தட்டிவிடுவது நல்லது. காயின் நுனி சுருட்டு எரிந்தாற்போல் சாம்பல் நிறமாக அழுகும் நோய் அந்தக் காய்ந்த பூவின் வழியாகவே நுழைகிறது. ஏறித் தட்டுகிற கூலியைக் கருதி இதை விட்டுவிடுவோர் பலர். ஈரக்காற்று வீசும் மாதங்களிலாவது இதைச் செய்தல் வேண்டும்.

விதைக்கென்று பூவை விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பருவம் முழுவதும் பறித்துவிட்டு, கடைசியில் செடியில் எஞ்சி நிற்கும் சிறு பூக்களை விதைக்கு விடுகிறோம். ஓய்ந்த செடியின் இளைத்த பூ அது. அதற்கு மாறாக, நடுப்பருவத்தில் நன்கு வளர்ந்த, நோயில்லாத நான்கைந்து செடிகளைத் தேர்ந்து, அவற்றின் பெரிய பூக்களில் சிலவற்றுக்கு நூல் கட்டி அடையாளமிடுங்கள். அவற்றைப் பறிக்கும் பெண்களுக்கும் சொல்லி வையுங்கள். அந்தத் தலைகள் செடியிலேயே நன்கு காய்ந்தபின், ஐப்பசி மழைக்கு முன்னரே எடுத்து, நிழலில் உலர்த்தி, ஓராண்டுக்குள் விதைத்துவிடவேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு வகையாயின் இந்தப் பாடு வேண்டாம். அதன் விதை தாயைப்போல் முளைக்காது. பூ பலவிதமாகப் போய்விடும்.

ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இரண்டு வேலைகள் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, பார்த்தீனியம். 1955-ல் புனாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட இந்த அந்நியக் களை, இன்று நம் கண்மாய்க் கரை, பள்ளிக்கூட மைதானம், சாலையோரம் எங்கும் நிற்கிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது. தோலில் அரிப்பும், சிலருக்கு மூச்சுத் திணறலும் உண்டாக்குகிறது. இதற்கு வாடிய பூவரை காத்திருத்தல் கூடாது. வெள்ளைப் பூ தலைகாட்டுமுன்னரே, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், கையுறை அணிந்து வேரோடு பிடுங்கவேண்டும். பூத்துக் காய்ந்தபின் வெட்டுவது விதையைத் தூவுவதற்கு ஒப்பாகும். வேலையாட்களை ஏவும்போது தேதியை மழையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

இரண்டாவது, கோயில்களிலும் பூச்சந்தையிலும் குவியும் வாடிய பூ. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போன்ற தலங்களில் விசேஷ நாட்களில் எவ்வளவு மாலை கழிகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அது குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பைகளோடு கிடந்து அழுகுவதற்குப் பதிலாகக் குழியில் சாணத்தோடு சேர்ந்தால் சில மாதங்களில் உரமாகும். இதற்கு ஒரே தடை நூலும் கம்பியும். வாழைநாரில் தொடுத்த மாலை முழுவதும் மக்கிவிடும். நைலான் நூலிலும் இரும்புக் கம்பியிலும் கட்டியது மக்காது. மாலை கட்டுவோரிடம் கோயிலார் ஒரு சொல் சொன்னால் பாதி வேலை தீரும். பூச்சி கண்ட மொட்டுக்களை மட்டும் இந்தக் குழியில் போடவேண்டாம்.

கவாத்துக் கத்தரி விலை அதிகம் என்று தயங்குவோர் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நோய்ச் செடியை வெட்டிய கத்தரியை, அடுத்த செடிக்குப் போகுமுன் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். மண் பரிசோதனைக்கும், நாற்று, உரம்பற்றிய ஐயங்களுக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை நாடலாம். செட்டிநாட்டில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. கார்த்திகை பிறக்குமுன் மண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டால், கவாத்து முடிந்து உரமிடும் நாளுக்குள் முடிவு கையில் கிடைக்கும். கத்தரியைச் சாணை பிடித்து வைப்பதும் அந்த வாரத்திலேயே ஆகட்டும்.